நிறைவேற்றப்படாத சமிக்ஞை

அழகுமுத்து செய்த குற்றம், பின்னால் வந்த வாகனத்துக்கு வழி விட்டது.

இதைக் குற்றம் என்று சொன்னால் லிந்துலைப் பக்கத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். எங்கள் மலைப் பாதைகள் அப்படி. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், நடுவில் ஒன்றரை வாகனம் போகிற அகலத்துக்குத் தார். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று முன்னால் போகிறவருக்குத்தான் தெரியும். பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். அதனால் பாதை வெறுமையாக இருந்தால் முன்னால் போகிறவர் ஓரங்கட்டி இடப்பக்கச் சிக்னலைப் போடுவார். முந்திப் போங்கள் என்று அர்த்தம். எதிரே ஏதாவது வந்தால் வலப்பக்கச் சிக்னல். பொறுங்கள் என்று அர்த்தம். முந்திப் போகிறவர் ஹோர்னைச் சின்னதாக ஒரு தட்டுத் தட்டுவார். அது நன்றி. இந்த ஏற்பாட்டை யாரும் சட்டமாக எழுதவில்லை, எந்த அமைச்சரும் நாடா வெட்டித் திறந்து வைக்கவில்லை. அதனாலேயோ என்னவோ ஒழுங்காக நடந்து வந்தது.

அழகுமுத்து, ஸ்டோன்வேலி தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் ஓடுகிற ஒரே ஆட்டோவின் சொந்தக்காரர். மேல்கணக்கிலிருந்து லிந்துலைக்கு ஒன்பது கிலோமீற்றர். பஸ் கிடையாது. தேயிலைக்குள்ளால் இறங்குகிற குறுக்குப்பாதை போன வருசத்து மழையில் மண்ணோடு சரிந்துபோனது. தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி பதினொரு மணிக்குத்தான் இறங்கும். ஆகவே லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களுக்குக் காய்ச்சல் என்றாலும் கல்யாணம் என்றாலும் அந்த ஆட்டோதான். அவருடைய மகள் சுலக்ஷனா டியூஷனுக்குப் போய் வருவதும் அதில்தான்.

சுலக்ஷனாவுக்கு அது மூன்றாவது தடவை. உயர்தரப் பரீட்சையை மூன்று தடவைதான் எழுதலாம். முதல் தடவை டெங்குக் காய்ச்சலோடு எழுதினாள். இரண்டாவது தடவை பாஸ், ஆனால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குக் கொஞ்சம் போதவில்லை. இந்த முறையும் சரிவராவிட்டால் கட்டுநாயக்க கார்மெண்ட் தொழிற்சாலையில் வேலைக்கு ஆள் சொல்லி வைத்திருந்தார்கள். மேல்கணக்கில் அவளுக்கு முன்னால் உயர்தரம் வரைக்கும் படித்த மூன்று பேரும் இப்போது கொழும்பில் புடவைக் கடைகளில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குத் துணி மடிக்க விருப்பமில்லை, டீச்சராக வேண்டும். பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கும்போதுதான் அழகுமுத்து அந்தக் குற்றத்தைச் செய்தார்.

அன்று காலை அவர் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு புதுக் கறுப்பு ஜீப் வந்தது. மரியாதையாக ஓரங்கட்டி இடப்பக்கச் சிக்னலைப் போட்டார். ஜீப் முந்தவில்லை. இன்னும் மெதுவாகப் போனார். ஜீப்பும் மெதுவாக வந்தது. நிறுத்தினார், அதுவும் நின்றது. யாரோ மலைப் பாதைக்குப் புதுசு, பயப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, மிச்சமிருந்த ஏழு கிலோமீற்றரும் சிக்னலை அணைக்காமலே இறங்கினார். லிந்துலைக்கு வந்ததும் ஜீப் அவரை மறித்துக்கொண்டு நின்றது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் மலைநாட்டுச் சமிக்ஞை ஒழுக்க அதிகார சபையின் பணிப்பாளர். மேலே தோட்டத்து பங்களாவில் மூன்று நாள் தங்கி வீதிகளை ஆராய்ந்துவிட்டு, நேரந்தவறாமை பற்றிப் பேசுவதற்காக ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் பிந்திவிட்டார். அவருக்குத் தமிழ் வராது. சபையின் எழுதுவினைஞர் இஸ்ஸதீன்தான் மொழிபெயர்த்தார்.

“நீ எங்க திரும்பினன்னு சேர் கேக்குறார்.”

“எங்கயும் திரும்பலீங்களே.”

“ஏழு கிலோமீற்றரா இடது பக்கம் திரும்பப் போறேன்னு சொல்லிக்கிட்டே வந்தியாம். இப்ப திரும்புவ, இப்ப திரும்புவன்னு சேர் காத்துக்கிட்டு இருந்தாராம். ஏன் திரும்பலன்னு கேக்குறார்.”

“இடது பக்கம் பள்ளமுங்க.”

இஸ்ஸதீன் அதைச் சொன்னார். பணிப்பாளர் யோசித்துப் பதில் சொன்னார்.

“அத சிக்னல் போட முன்னால யோசிச்சிருக்கணுமாம்.”

இப்படியாக அழகுமுத்துவின் லைசனை வாங்கிக்கொண்டு ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்தார்கள். அதில் குற்றத்தின் பெயர் இருந்தது: நிறைவேற்றப்படாத சமிக்ஞை.

விசாரணை ஹட்டனில், ஒரு சீமெந்துக் கடைக்கு மேல்மாடியில். மகளோடு இரண்டு பஸ் மாறிப் போனார். அங்கே அவருக்கு எண்ண வாக்குமூலம் என்ற படிவத்தைக் கொடுத்தார்கள். சுலக்ஷனா வாசித்து வாசித்துக் கேட்டாள்.

“இடது பக்கம் திரும்ப எண்ணினீரான்னு கேட்டிருக்காங்கப்பா.”

“இல்லன்னு எழுதும்மா.”

“எண்ணலன்னா, எண்ணினதா பொது மக்களுக்குக் காட்டினது ஏன்?”

“சரி, எண்ணினேன்னே எழுது.”

“எண்ணியிருந்தா, பள்ளத்துக்குள்ள போறதுக்குக் காணிச் சொந்தக்காரர்கிட்ட எழுத்துமூல அனுமதி எடுத்தீரா? பிரதிய இணைக்கட்டுமாம்.”

அழகுமுத்து படிவத்தை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். கடைசியில், எண்ணினாரா இல்லையா என்று தனக்கு ஞாபகமில்லை என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பதிலுக்கு ஒரு கட்டம் இருந்தது. பெரும்பாலானவர்கள் அதைத்தான் நிரப்புகிறார்கள் என்று இஸ்ஸதீன் சொன்னார்.

பிறகு பணிப்பாளர் பேசினார். விசாரணை என்றாலும் அவர் மேடைப் பேச்சாகத்தான் பேசுவார். அவருக்கு அதுதான் வரும். “சமிக்ஞை என்பது ஒரு வாக்குறுதி,” என்றார். “எல்லோரும் பார்க்கப் பகிரங்கமாக ஒரு வாக்குறுதியைக் கொடுப்பது, மக்கள் அதை நம்பிப் பின்னால் காத்திருக்கும்போது ஒரு பக்கமும் திரும்பாமல் நேரே போய்க்கொண்டே இருப்பது, இதைவிடக் கேவலமான செயல் ஒரு நாகரிக நாட்டில் உண்டா? எமது சபை தொடங்கிய பின் பன்னிரண்டு சாரதிகளின் அனுமதிப்பத்திரத்தைப் பறித்திருக்கிறோம். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட இதுவரை விபத்துக்குள்ளாகவில்லை. இதுதான் எமது வெற்றி.”

அழகுமுத்து கையைக் கட்டிக்கொண்டு இஸ்ஸதீனிடம் மெதுவாகக் கேட்டார். “எங்களுக்கு ஏழு பேர்ச் காணியோட தனி வீடு தாரோம்னு எங்க அப்பா உசிரோட இருக்கையிலயே சொன்னாங்க. நானும் பின்னாலயே நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்கு மஞ்சத் தாள் யாருகிட்ட வாங்குறது?”

“அது வாகனம் இல்லையே அழகுமுத்து,” என்றார் இஸ்ஸதீன் வருத்தத்தோடு. “எங்க சபை வாகனத்துக்கு மட்டுந்தான்.” பிறகு பணிப்பாளரின் பக்கம் திரும்பி, இவர் குற்றத்தை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறார் என்று சிங்களத்தில் மொழிபெயர்த்தார். பணிப்பாளர் திருப்தியாகத் தலையாட்டினார்.

தீர்ப்பு: மூன்று சனிக்கிழமை வகுப்பு, அதன் பிறகு வீதியில் செய்முறைப் பரீட்சை.

வகுப்பில் வாகனம் கிடையாது. ஆளுக்கு இரண்டு டோர்ச் லைட் கொடுத்தார்கள். டோர்ச்சின் கண்ணாடியில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. மண்டபத்துக்குள் நாற்காலிகளைச் சுற்றி நடக்க வேண்டும், திரும்பும்போது அந்தப் பக்கக் கை டோர்ச்சை ஐந்து தடவை மினுக்க வேண்டும். தேத்தண்ணி எடுக்கத் திரும்பினாலும் மினுக்க வேண்டும், கக்கூசுக்குத் திரும்பினாலும் மினுக்க வேண்டும். இருபத்தெட்டு வருசமாகப் பால் லொறி ஓட்டுகிற மூக்கன் அவசரத்தில் மினுக்காமல் கக்கூசுக்குள் நுழைந்துவிட்டார். அவரை வெளியே கூப்பிட்டு மறுபடி நுழைய வைத்தார்கள். ஐம்பத்தைந்து வயது மனுசன். எழுதுகிற எனக்கே கோபம் வருகிறது, ஆனால் மூக்கன் டோர்ச்சைத் தூக்கினார். மினுக்கிவிட்டுப் போனார்.

வகுப்பை நடத்தியவர் பரீட்சகர் துஷாந்த். இளம் ஆள், தலவாக்கலைப் பக்கம். கெட்டவர் என்று சொல்ல முடியாது. புத்தகத்தில் இருப்பதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்வார், அவ்வளவுதான். திரும்புவதற்கு முப்பது மீற்றர் இருக்கும்போது சிக்னல் போட வேண்டும் என்று அவர் சொன்னபோது மூக்கன் எழுந்தார்.

“சேர், நம்ம பக்கம் பாதையே வளையுது. நாங்க பாதையோட போறோம். இது திரும்புறதா, இல்லையா?”

துஷாந்த் புத்தகத்தைப் புரட்டினார். புத்தகம் எழுதியவர்கள் சமவெளிக்காரர்கள் போலிருக்கிறது, அதில் வளைவே இல்லை. ஆகவே ஒரு நிபுணர் குழு அமைத்தார்கள். குழு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் கூடி ஆராய்ந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் ஏரியில் படகிலும் ஆராய்ந்தது. கடைசியில் அறிக்கை வந்தது. வீதி வளைந்தாலும் திரும்புவது சாரதியே, ஆகவே ஒவ்வொரு வளைவும் ஒரு திரும்பல். இரண்டு வளைவுகளுக்கு இடையில் இருநூறு மீற்றர் நேர்ப்பாதை இல்லாவிட்டால் வாகனத்தை நிறுத்தி, முதல் சமிக்ஞையை அணைத்து, அணைந்ததைப் பரீட்சகர் இறங்கிப் பார்த்து உறுதிசெய்த பின், அடுத்த சமிக்ஞையை ஐந்து தடவை மினுக்கவிட்டுப் புறப்பட வேண்டும்.

மேல்கணக்கிலிருந்து லிந்துலைக்கு எழுபத்தொரு வளைவு. மூக்கன் அன்று முழுவதும் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். ஏன் கேட்டேன், ஏன் கேட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருக்கு ஒரு லாபம், அறிக்கை வர முன்னமே அவருடைய செய்முறைப் பரீட்சை பழைய விதிப்படி முடிந்து லைசன் கைக்கு வந்துவிட்டது.

அழகுமுத்துவின் பரீட்சைக்குத் தேதி குறித்துக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை, காலை ஆறே முக்கால், மேல்கணக்குக் கோயிலடி. அதே திங்கட்கிழமை எட்டரைக்கு லிந்துலையில் சுலக்ஷனாவின் முதல் பரீட்சை. ஒன்பது மணிக்குப் பிறகு யாரையும் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள்.

வீட்டில் பேசினார்கள். சுலக்ஷனா தார்ப் பாதையால் நடந்தே போய்விடுகிறேன், விடிய முன்னம் புறப்பட்டால் ஏழரைக்குப் போய்ச் சேரலாம் என்றாள். கொழுந்து எடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த அம்மா நாகலெட்சுமியும் அதுதான் நல்லது என்றாள்.

“ஒம்போது கிலோமீற்றர் நடந்து போயி களைச்சுப்போயா எழுதப் போற?” என்றார் அழகுமுத்து. “நான் எப்படியும் அந்த வழியாத்தானே எறங்குறேன். பின்னால ஒக்காந்துக்க. இருவத்தஞ்சு நிமிச ஓட்டம். மெதுவாப் போனாலும் ஒரு மணித்தியாலம். லைசனும் கெடச்சிரும், மத்த நாளைக்கும் கூட்டிட்டுப் போயிருவேன்.”

நியாயமான பேச்சு. சுலக்ஷனா சரியென்றாள்.

துஷாந்த் ஏழு பத்துக்கு வந்தார். வாகனத்தில் இருப்பதையெல்லாம் படிவத்தில் எழுதினார். உதிரிச் சக்கரம் ஒன்று, சாமிப் படம் ஒன்று, பயணி ஒருவர், பயணியின் கையில் பென்சில் பெட்டி ஒன்று.

“தங்கச்சிக்குப் பரீட்சையா? எனக்கும் உயர்தரம் மூணாவது தடவையிலதான் சரிவந்திச்சு,” என்றார் அன்பாக. “பயப்படாதீங்க. நாங்க விதிப்படி போவோம்.”

போனார்கள். முதல் வளைவு, இடப்பக்கச் சிக்னல், ஐந்து மினுக்கு. நிறுத்தம். துஷாந்த் இறங்கிப் பின்னால் போய் விளக்கைக் குனிந்து பார்த்தார், அணைந்திருந்தது. எழுதினார். ஏறினார். வலப்பக்கச் சிக்னல், ஐந்து மினுக்கு. இரண்டாவது வளைவு. நிறுத்தம். துஷாந்த் இறங்கினார். அவசரப்பட மாட்டார், தாமதிக்கவும் மாட்டார். ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றரை நிமிடம், அச்சடித்தது மாதிரி.

இருபதாவது வளைவில் பின்னால் மூக்கனின் பால் லொறி வந்து சேர்ந்தது. முப்பதாவது வளைவில் காஸ் வேன் ஒன்று, மூன்று மோட்டார் சைக்கிள், பாண்காரருடைய ஆட்டோ. வழக்கமென்றால் அழகுமுத்து இடப்பக்கம் போடுவார், எல்லாரும் நன்றி தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சுலக்ஷனாவும் அதில் ஒன்றில் ஏறிப் போயிருக்கலாம். இப்போது அவர் போடுகிற இடப்பக்கத்தை அவர்கள் வழி என்று நினைத்து முந்த வருவதும், அடுத்த நிமிடம் வலப்பக்கத்தைப் பார்த்து ஆபத்து என்று பிரேக் போடுவதுமாக அல்லாடினார்கள். இரண்டு தடவை ஆன பிறகு ஒருவரும் முந்துகிற எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். வரிசையாகப் பின்னால் வந்தார்கள்.

நாற்பத்திரண்டாவது வளைவில் மணி எட்டு இருபத்துநான்கு. சுலக்ஷனா பென்சில் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நான் எறங்கி ஓடவா? கீழ் நோக்கித்தானே. ஓடினா ஒம்போதுக்கு முன்னால போயிருவேன்.”

துஷாந்த் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்திலும் கவலை இருந்தது.

“எறங்கலாம் தங்கச்சி, நான் தடுக்க முடியாது. ஆனா ஏத்தின சுமை பாதியில கொறைஞ்சா பரீட்சை ரத்து. திரும்ப விண்ணப்பிக்கணும். அடுத்த தேதி தை மாசந்தான் கெடைக்கும்.”

அழகுமுத்து கணக்குப் பார்த்தார். இன்னும் ஐந்து பரீட்சை, ஐந்து நாள். லைசன் இல்லாவிட்டால் அந்த ஐந்து நாளும் ஆட்டோ இல்லை. அதற்குப் பிறகு தை வரைக்கும் அடுப்பெரிய வழியும் இல்லை. இன்னும் இருபத்தொன்பது வளைவு. நடுவில் பாலத்தடியில் கொஞ்சம் நேர்ப்பாதை வரும், அங்கே நிறுத்த வேண்டியதில்லை. ஓட்டிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதா, தோன்ற வேண்டும் என்று விரும்பினாரா என்று எனக்குத் தெரியாது.

“ஒக்காரும்மா,” என்றார். “போயிருவோம்.”

அவள் உட்கார்ந்தாள். அந்த ஒரு சொல்லைத்தான் அவர் இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சாகிறார். அப்பா சொல்லை ஒரு தடவையாவது தட்டியிருக்கலாம் அந்தப் பிள்ளை.

பாலத்தடி நேர்ப்பாதையில் ஒரு நிமிடம் மிச்சமானது. அறுபதாவது வளைவில் மணி எட்டு ஐம்பது. பின்னால் யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை. மூக்கன் லொறியிலிருந்து இறங்கி வந்து, விஷயம் தெரிந்து, துஷாந்த்தின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். “சேர், புள்ளைக்குப் பரீட்ச சேர். மிச்ச வளைவ எங்கிட்ட எழுதிக்குங்க. ஏங் கேள்வியாலதான் இதெல்லாம்.” ஒருவருடைய வளைவை இன்னொருவருக்கு மாற்ற விதியில் இடமில்லை என்று துஷாந்த் விளக்கினார். அந்த விளக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் போனது.

எழுபத்தோராவது வளைவைத் திரும்பிப் பாடசாலை வாசலில் ஆட்டோ நின்றபோது மணி ஒன்பது ஒன்பது.

சுலக்ஷனா ஓடினாள். வாசலில் நின்ற காவலாளி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். மேற்பார்வையாளரும் வெளியே வந்தார். மூன்றாவது தடவையா என்று கேட்டார், பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்பதுக்குப் பிறகு விட தனக்கு அதிகாரமில்லை என்றார். நடு மேசை வரிசையில் ஒரு கதிரை காலியாக இருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது.

அழகுமுத்து ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். துஷாந்த் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தார், இன்னொரு தடவையும் கூட்டிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

“நூத்துக்கு நூறு அண்ணே,” என்றார். “எழுவத்தியொன்னுல ஒரு பிழையும் இல்ல. சபை தொடங்கினதுலருந்து நீங்கதான் மொத ஆள். இந்தாங்க லைசன். இனி மகள எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போகலாம்.”

முதல் ஆள் என்பதால் சபையின் ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. அழகுமுத்து லைசனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். பயணியும் நிற்கட்டும், குடும்பமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் துஷாந்த். சுலக்ஷனா வந்து பக்கத்தில் நின்றாள். கொஞ்சம் சிரிக்கச் சொன்னதற்கு மட்டும் அவள் கேட்கவில்லை.

ஒரு தாளை விட்டாலும் அந்தப் பாடம் போய்விடும், ஒரு பாடம் போனால் கல்லூரியும் போய்விடும். மற்ற ஐந்து தாள்களை எழுத வேண்டிய தேவை இனி இல்லை. அப்பாவும் மகளும் மேலே புறப்பட்டார்கள். துஷாந்த் ஹட்டன் பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஆனாலும் அழகுமுத்து வளைவுக்கு வளைவு சிக்னல் போட்டு, நிறுத்தி, அணைத்து, ஐந்து மினுக்கு எண்ணித்தான் போனார். கை அப்படியே பழகிவிட்டது. பால் இறக்கிவிட்டுத் திரும்பிய மூக்கனின் லொறி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதன் பின்னால் தோட்டத்து உர லொறி, ஒரு வேன், ஒரு கார். சட்டைப் பைக்குள் லைசன் இருந்தது. முந்துங்கள் என்று காட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை.

பாலத்தடி தாண்டியதும் சுலக்ஷனா முதல் தடவையாகப் பேசினாள்.

“அப்பா, ஓரங்கட்டுங்க.”

“என்னம்மா?”

“எடது பக்கம் போடுங்க. அவுங்களாவது போகட்டும்.”

அழகுமுத்து ஓரங்கட்டினார். முன்னால் எட்டிப் பார்த்தார், பாதை வெறுமையாக இருந்தது. இடப்பக்கச் சிக்னலைப் போட்டார். உர லொறி, வேன், கார் என்று ஒவ்வொன்றாக முந்திப் போயின. ஒவ்வொன்றும் போகும்போது ஹோர்னைச் சின்னதாக ஒரு தட்டுத் தட்டியது. மூக்கனின் லொறி மட்டும் முந்தாமல், தானும் ஓரங்கட்டிப் பின்னாலேயே நின்றது.

“மூக்கன் மாமாவும் போகட்டும்,” என்றாள் சுலக்ஷனா.

அழகுமுத்து கையை வெளியே நீட்டிப் போகச் சொன்னார். லொறி நகரவில்லை. சிக்னல் மினுங்கிக்கொண்டே இருந்தது. அப்பாவும் மகளும் இறங்காமல் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.